புதுப்பிப்பு: பொண்ணோட கணுக்கால், 8 வாரம் கழிச்சு

கூடைப்பந்து ஆடுற என் பொண்ணுக்கு வலது கணுக்கால் அடிக்கடி பிசகுதுன்னு எழுதியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி.

ஒத்தக்கால்ல நின்னு மறுகாலை மூணு திசையில நீட்டி அளக்கிற ஒய் பேலன்ஸ் சோதனை செஞ்சோம். முன்பக்க நீட்டல்ல ரெண்டு காலுக்கும் 6 செ.மீ. வித்தியாசம். 4 செ.மீ. தாண்டினாலே கவனிக்கணும்.

அப்புறம் வாரம் மூணு நாள், வேலூர் வெயில் ஏறுறதுக்குள்ள, காட்பாடி வீட்டு மொட்டைமாடியில பயிற்சி. ஒத்தக்கால்ல குதிச்சு இறங்கி, மூணு எண்ணுற வரை அசையக்கூடாது. முதல் வாரம் கால்விரல் தரையைப் பிறாண்டும், முட்டி உள்பக்கம் சாயும். பார்க்கவே மனசு பதறும். இப்ப வித்தியாசம் 2 செ.மீ.தான், ஒருதடவைகூட பிசகல.

கபடி ஆடுற பையனுக்கு என்ன பயிற்சி தரலாம்னு கேட்டிருந்த அண்ணா, அவன் ஒத்தக்கால்ல நிக்கும்போது தோள்ல லேசா தள்ளி விடுங்க. கபடியில மத்தவங்க இடிக்கும்போது தடுமாறாம நிக்க அவனுக்கு அதுதான் வேணும்.