அக்கா பையனுக்குக் காது கேட்காது. சின்ன மாமா மகளை நான் கட்டலாமா?

சேரன்மாதேவிக்காரன்:
அக்காவை அம்மாவின் தம்பிக்கே, அதாவது பெரிய மாமாவுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். மூத்த பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் பித்தளைத் தாம்பாளம் விழுந்தாலும் திரும்ப மாட்டான். காது கேட்கத் தேவையான கனெக்சின் 26 என்ற மரபணுவின் இரண்டு நகலும் பழுது என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. அக்கா மறுபடி உண்டாகியிருக்கிறாள். இதற்கிடையே சின்ன மாமா மகளை எனக்குப் பேசுகிறார்கள். "ஒரு பிள்ளைக்கு வந்துட்டுல்லா, இனிமே வராது" என்கிறாள் ஆச்சி. சரிதானா?

பாளை டீச்சர்:
இல்லை தம்பி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மெண்டலின் மரபியல் பாடம் நடத்துகிறவள் நான், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். அக்காவிடமும் மாமாவிடமும் ஒரு நகல் நன்றாக இருக்கிறது, அதனால்தான் அவர்களுக்குக் காது கேட்கிறது. இருவரின் பழுதும் ஒரே பிள்ளைக்குப் போக 4-இல் 1 வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்ததால் அடுத்ததற்குக் குறையாது. தாயக்கட்டையை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் உருட்டுகிறோம்.

உங்கள் விஷயம்: அக்காவுக்கு இது அநேகமாக அம்மா வழியாக வந்திருக்கும். அப்படியானால் உங்களிடம் இருக்க 2-இல் 1. சின்ன மாமாவுக்கும் அதே 2-இல் 1, அவர் மகளுக்கு 4-இல் 1. உங்களிடமும் அவளிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு 4-இல் 1. பெருக்கினால் 32-இல் 1. ஆனால் இந்த எண்ணை வைத்து நிச்சயம் பண்ணவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பையனின் ரிப்போர்ட்டில் உள்ள அதே பழுது உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் உங்கள் ரத்தத்தைப் பாருங்கள். இல்லையென்றால் இந்தக் குறையைப் பற்றிய பயம் அத்தோடு போயிற்று. இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் பார்க்கவேண்டும். அவளிடம் மறைத்துக் கட்டாதீர்கள்.

கடையநல்லூர் மாப்பிள்ளை:
அத்தை மகள் என்றால் பரவாயில்லையா டீச்சர்?

பாளை டீச்சர்:
அத்தை அப்பா வழி. அம்மா வீட்டுக்கும் அப்பா வீட்டுக்கும் முன்னமே கொண்டு கொடுத்த உறவு இல்லாவிட்டால், இந்தப் பழுதைப் பொறுத்தவரை அவள் அசல் பெண் மாதிரிதான். வேறு பழுது ஏதாவது அப்பா வழியில் ஒளிந்திருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை.

ஒரு அம்மா:
தம்பி, பையனுக்கு என்ன வயது? என் மகளுக்கும் இதே குறைதான். உள்காதில் வைக்கும் கேட்கும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்டை எவ்வளவு சின்ன வயதில் வைக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். முதலமைச்சர் காப்பீட்டிலேயே செய்கிறார்கள், ஆனால் வயது வரம்பு உண்டு. உங்கள் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அவனை பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும் காதுப் பரிசோதனை கேளுங்கள். குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

சேரன்மாதேவிக்காரன்:
இரண்டு வயது முடியப்போகிறது அக்கா. திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன், என் ரத்தத்துக்கும் அங்கேயே கேட்கிறேன்.