பைன் தோட்டத்தில் மட்டும் முளைக்கும் காளான்

கேள்வி: நட்டு வளர்த்த பைன் காட்டில் மழை விட்டதும் கூட்டம் கூட்டமாகக் காளான், பக்கத்து இயற்கைக் காட்டில் அதே வகை ஒன்றுகூட இல்லை. எப்படி?

பதில்: மரத்தோடு வந்திருக்கும். பைன் வேர்நுனியைச் சில பூஞ்சைகள் உறைபோல மூடி, மண்ணிலிருந்து நீரும் பாஸ்பரஸும் எடுத்துக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். நாற்று மண்ணிலேயே அவையும் வந்துவிடும். வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்பு அமானிட்டா காளான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போனது பைன் போன்ற அயல் மரங்களோடுதான்.

பதில்: குடையைத் திருப்பிப் பாருங்கள். மடிப்புக்குப் பதில் பஞ்சு மாதிரி நுண்துளைகள், மேலே வழவழ தோல் என்றால் சுயில்லஸ் என்ற காளான் வகையாக இருக்கலாம்.

கேட்டவர்: அதேதான்! சாப்பிடலாமா?

பதில்: படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், தயவுசெய்து. தப்பாக அடையாளம் கண்டால் ஆபத்து: அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற கொடிய காளானின் நச்சு சமைத்தாலும் போகாது, வாந்தி தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் கல்லீரல்தான் போகும். காளான் தெரிந்த வல்லுநரிடம் நேரில் காட்டுங்கள், அடித்தண்டோடு தோண்டி எடுத்து.