மதுரைக்காஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு மதுரையில் நடக்க: உதவி வேண்டும்

தருமபுரியிலிருந்து 10 பேர் இரண்டு நாள் மதுரை போகிறோம். மாங்குடி மருதனார் பாடிய சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில் அங்காடிப் பகுதியை மட்டும் எடுத்து நகரைப் பார்ப்பதுதான் திட்டம். சங்கு அறுப்பவர், பொன் உரைத்துப் பார்ப்பவர், துணி விற்பவர், செம்பு நிறுத்து வாங்குபவர் எல்லாம் நான்கு தெருவிலும் காலோடு கால் நெருங்கி நிற்கும் இடம் அது.

ஒரு சிக்கல். பாட்டில் வரும் தெருவை இன்றைய மாசி வீதியில் தேடினால் வழி தவறும். இப்போதுள்ள வீதி அமைப்பு நாயக்கர் காலத்தது. வெளி வீதிகளோ 1840களில் கோட்டைச் சுவரை இடித்த பிறகு வந்தவை. அதனால் தெருவுக்குத் தெரு பொருத்தாமல், நேரத்துக்கு நேரம் பொருத்துகிறோம்: நாளங்காடி (பகல் கடைவீதி) வரிகளைப் பகலில், அல்லங்காடியை (இரவுக் கடைவீதி) விளக்கு வைத்த பிறகு, கள்வரும் காவலரும் வரும் நள்ளிரவு வரிகளை விடுதி மாடியில் (போலீஸ் தொல்லை வேண்டாமே). மறுநாள் கீழடி அருங்காட்சியகம்.

கேட்பது இதுதான். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையோடு மதுரைக்காஞ்சி அடங்கிய பத்துப்பாட்டுப் பதிப்பு யாரிடமாவது இருந்தால் அங்காடிப் பகுதியை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள்; மூலம் மட்டுமுள்ள மலிவுப் பதிப்பில் சொல் பிரிப்பு காலை வாருகிறது. மாலையில் 10 பேர் நின்று சத்தமாக வாசித்தாலும் கடைக்காரர் விரட்டாத முக்கு எது? மதுரையில் இருந்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். கோயில் வாசல் பக்கம் வேண்டாம், அங்கே குரல் எடுபடாது.