புதுப்பிப்பு: நடை கூட்டியும் எடை குறையாத பீகிள்

மூன்று மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: என் பீகிள் நாய் 16 கிலோ, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறான், எடை மட்டும் அசையவில்லை, உணவை மாற்றலாமா என்று. பிராண்டை மாற்றவே இல்லை. இப்போது 14.2 கிலோ.

தப்பு என் கப்பில்தான் இருந்தது. 'ஒரு கப்' என்று நான் அள்ளியதைத் தராசில் வைத்தால், பாக்கெட்டில் சொன்ன கிராமைவிட நன்றாகவே கூடுதல். குவித்து அள்ளியிருக்கிறேன்!

மருத்துவர் இப்போதைய எடையை விட்டுவிட்டு, இருக்க வேண்டிய 13 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டார். கிலோவின் 0.75 அடுக்கை 70 ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்குச் சுமார் 480 கலோரி. பிஸ்கட், பயிற்சித் தீனி எல்லாம் அதற்குள்ளேயே, பத்து சதவீதத்தைத் தாண்டாமல். வாரத்துக்கு 1–2 சதவீதம் குறைந்தால் போதும், அவசரம் வேண்டாம் என்றார். நடை? மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் ஒரு மணி நேரத்தில் நான் நினைத்த அளவு கலோரி செலவாகவில்லையாம்.

முதல் இரண்டு வாரம் காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு என் காலடிக்கே வந்தான். மனசு கேட்கவில்லைதான். இப்போது விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, மேலிருந்து பார்த்தால் இடுப்பும் தெரிகிறது. 13 தொட்டதும் அளவைக் கொஞ்சம் கூட்டுவோம்.