வாடகைதாரர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, கரண்டை நிறுத்தலாமா?

மாடிப்படி:
வணக்கம். தாம்பரம் மாநகராட்சிக்குள் அப்பா கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் 2014இலிருந்து ஒரே குடும்பம். வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. மூன்று மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க சார்" என்கிறார். குடிவந்தபோது 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதியதோடு சரி, அப்புறம் புதுப்பிக்கவே இல்லை. காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர், 12 வருஷம் ஆனால் வீடு குடியிருப்பவனுக்கே போய்விடும் என்று அப்பாவைப் பயமுறுத்தியிருக்கிறார். மாடிக்குப் போகும் ஃபியூஸ் கட்டை எங்கள் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி அப்பா அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மா சண்டை போட்டு மறுபடி மாட்ட வைத்தார். பிடுங்கினால் தப்பா?

சிங்கப்பெருமாள்:
தப்பும் இல்லை ஒன்றும் இல்லை. மோட்டாரையும் நிறுத்துங்கள், ஒரே வாரத்தில் காலி செய்வார்.

கறுப்பு அங்கி:
தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் (2017) 20ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. மாடிக்காரர் வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி அரசு நியமித்த அதிகாரி) ஒரு மனு போட்டால் போதும். பாக்கிக்காரர் அவர், பதில் சொல்லிக்கொண்டு நிற்பது உங்கள் அப்பா.

12 வருஷக் கதையை விடுங்கள். உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர், குடியிருக்கும்வரை "நீங்கள் உரிமையாளரே இல்லை" என்று சொல்ல முடியாது. எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைதாரர்தான்.

உண்மையான சிக்கல் அந்த 11 மாதப் பத்திரம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. புதுச் சட்டத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பழைய குடித்தனங்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தம் போடாததே காலி செய்யக் கேட்க ஒரு காரணம், அதே சட்டத்தின் பிரிவு 21(2)(அ).

பாக்கி தனிக் காரணம். இரண்டு மாத வாடகை நிலுவை இருந்தால், பாக்கியைக் கட்டச் சொல்லி எழுத்தில் கேட்பு அறிவிப்பு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுசாகக் கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம்.

தண்ணிலாரி:
நான் எதிர்ப்பக்கம். முன்பிருந்த வீட்டில் வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். இரண்டு நாள் குடத்தோடு அலைந்தோம். மூன்றாம் நாள் நான் கொடுக்க வேண்டிய பாக்கியைப் பற்றி யாருமே பேசவில்லை, எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். அண்ணா, அப்பாவிடம் சொல்லுங்கள்.

கிராமத்தான்:
ஊராட்சி எல்லைக்குள் வீடு இருந்தாலும் இதே வழிதானா?

கறுப்பு அங்கி:
இல்லை, இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்குத்தான். உங்களுக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், அப்புறம் சிவில் கோர்ட்.

மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினோம். நேற்று மாடிக்காரர் 24,000 கொண்டுவந்தார். வாங்கினால் வழக்கு போய்விடும் என்று அப்பா திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. வழக்கறிஞர் வாங்கச் சொன்னார். ரசீதில் "நிலுவையில் ஒரு பகுதி மட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். மீதி 12,000க்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஃபியூஸ் கட்டை அதன் இடத்தில்தான் இருக்கிறது. படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டார்.