பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: இடது சேனலில் மட்டும் பதிவு சரியில்லை

கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சி பினாங்கிலிருந்து கொண்டுவந்த அகாய் 4000டிஎஸ் இருக்கிறது. 20 வருடம் பரணில் கிடந்தது. அப்பத்தாவின் தாலாட்டை டேப்பிலேயே பதியலாம் என்று போன மாதம் இறக்கினேன்.

பழைய டேப்புகள் இரண்டு சேனலிலும் நன்றாகக் கேட்கின்றன. பதிந்தால்தான் தகராறு. வலது சுத்தம், இடதில் குரல் கரகரவென்று மெலிந்து வருகிறது, அடியில் பழைய பாட்டும் அழியாமல் கேட்கிறது. விநாடிக்கு 7½, 3¾ அங்குலம், இரண்டு வேகத்திலும் இதே கதை.

ஹெட்டுகளை (டேப் உரசிப் போகும் முனைகள்) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அவற்றில் ஏறியிருந்த காந்தத்தன்மையையும் நீக்கினேன். புது டேப்பிலும் (விலையைக் கேட்காதீர்கள்) கரகரப்பு போகவில்லை. காரைக்குடியில் காட்டினால், பாகம் கிடைக்காது என்று திறக்காமலே திருப்பிவிட்டார்கள்.

பயாஸ் ஆசிலேட்டர் (பதியவும் பழையதை அழிக்கவும் வேண்டிய உயர் அதிர்வெண் மின்சாரத்தைத் தரும் சுற்று) இரண்டு சேனலுக்கும் பொது, அதனால் அது ஓடுகிறது என்றே நினைக்கிறேன். ரெக்கார்ட் ஸ்விட்ச் காண்டாக்ட், இடது எரேஸ் ஹெட் (பழைய பதிவை அழிக்கும் முனை) ஒயர், இதில் எதை முதலில் பார்க்கட்டும்?