வால்டர் பிரென்னன்: எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

பழையரீல்:
ரியோ பிராவோவில் (1959) விந்தி விந்தி நடந்து சிறையைக் காவல் காக்கும் பொக்கைவாய்க் கிழவர் ஸ்டம்பி, அதாவது வால்டர் பிரென்னன், துணை நடிகருக்கான ஆஸ்கரை மூன்று முறை வாங்கியவராம். நிஜமாகவே பல் கிடையாதா? எப்போதும் கிழவராகத்தான் நடித்தாரா? அந்த மூன்று விருதுப் படங்களைப் பார்த்தால் போதுமா?

மதியக்காட்சி:
பல் விஷயம் உண்மை. 1932ல் ஒரு விபத்தில் பல பற்கள் போய், பல்செட் வைத்துக்கொண்டார். அதைக் கழற்றினால் கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து, பேச்சில் காற்று கலந்துவிடும். நாற்பது வயது ஆள் சட்டென்று அறுபதாகிவிடுவார். பார்பரி கோஸ்ட் (1935) படத்துக்கு வந்தபோது "வெச்சுக்கிட்டா, வெச்சுக்காமயா?" என்று கேட்டாராம். எதை என்று இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் விழிக்க, "பல்லை" என்றாராம். ஹாக்ஸே சொன்ன கதை, கொஞ்சம் மெருகு இருக்கலாம்.

பிறந்தது 1894. கென்டக்கி (1938) படத்தின் முசுட்டுக் கிழவரை நடித்தபோது 44தான். ஸ்டம்பியாக வந்தபோதுதான் நிஜ வயது வேஷத்தை எட்டிப் பிடித்தது. விந்தல் நடிப்பு.

கோடக்நெகட்டிவ்:
விருதுப் படங்கள் மூன்றில் தி வெஸ்டர்னர் (1940) ஒன்றே போதும். பிரென்னன் நடிக்கும் நீதிபதி ராய் பீன் ஈவிரக்கமில்லாமல் தூக்குத் தண்டனை கொடுக்கிற ஆள். நடிகை லில்லி லாங்ட்ரியின் தலைமுடிக் கற்றை தன்னிடம் இருப்பதாக கேரி கூப்பர் கதை விட்டதும், பீனின் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாகிவிடும். கம் அண்ட் கெட் இட் (1936) படத்தில் ஸ்வீடன்காரர் உச்சரிப்போடு மரம்வெட்டி. கிழவரல்லாத பிரென்னன் வேண்டுமென்றால் அதன் முதல் பாதி. கென்டக்கியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று, அப்போது துணை நடிகர்களுக்குச் சிலை தரமாட்டார்கள், விருதுப் பலகைதான். அவர் வாங்கிய மூன்றும் அதுதான்.

எக்ஸ்ட்ரா நம்பர் 7:
"கூட்டத்தில் நிற்கும் எக்ஸ்ட்ராக்கள் ஓட்டுப் போட்டதால்தான் ஜெயித்தார், போட்டியிட்டபோதெல்லாம் ஜெயித்தார்" என்று இணையத்தில் சுற்றுகிறது. முதல் பாதியில் விஷயம் இருக்கிறது: அன்று எக்ஸ்ட்ராக்களுக்கு ஓட்டு உண்டு, இவரும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான். இரண்டாம் பாதி தப்பு. சார்ஜென்ட் யார்க் (1941) படத்தில் அடர்ந்த கறுப்புப் புருவத்தோடு பாதிரியாராக வந்து பரிந்துரையும் பெற்றார். ஆனால் விருது டொனால்ட் கிரிஸ்ப்புக்குப் போனது.

பழையரீல்:
நன்றி. அவர் நடித்த ரெட் ரிவர் படத்தை எந்தப் பிரதியில் பார்ப்பது, 127 நிமிஷமா, 133ஆ? இரண்டும் கிடைக்கிறது.

மதியக்காட்சி:
பிரென்னனுக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் 127. நீளமான பிரதியில் கதையை நகர்த்துவது திரையில் வரும் கையெழுத்துப் பக்கங்கள், படிப்பதற்குள் வேகம் போய்விடும். குட்டையானதில் அதே வேலையை அவர் குரல் செய்கிறது. ஆனால் அதில் இறுதி மோதல் சற்று வெட்டப்பட்டிருக்கும், அதற்கு 133ஐ ஓட்டிப் பாருங்கள். இதில் அவருக்கு, சூதாட்டத்தில் பல்செட்டையே தோற்றுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் திரும்ப வாங்கும் பாத்திரம். சொந்தக் குறையை இவ்வளவு லாபமாக மாற்றிய நடிகர் அபூர்வம்.

கோடக்நெகட்டிவ்:
இந்தச் செல்லக் கிழவரிலேயே நின்றுவிடாதீர்கள். ஜான் ஃபோர்டின் மை டார்லிங் கிளெமன்டைன் (1946) பாருங்கள். அதில் அவர் வில்லன் கூட்டமான கிளான்டன் குடும்பத்துத் தகப்பன். கெக்கலிப்பு கிடையாது, விந்தல் கிடையாது. வளர்ந்த மகன்களைச் சவுக்கால் விளாசுகிற இடத்தில் குரலைக்கூட உயர்த்தமாட்டார். ஸ்டம்பியும் இவரும் ஒரே ஆள் என்று நம்ப நேரம் பிடிக்கும்.